சந்தா

இந்த ஊரில் தீயணைக்கச் சம்பளம் கிடையாது.
நாங்கள்தான் மாதாமாதம் சந்தா கட்டுகிறோம்,
எரிகிற வீட்டுக்குள் நுழையும் உரிமைக்கு.
புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்தேன், பத்தொன்பது வயதில்.
இப்போது நாற்பத்தொன்று.
மாலையில் படைக்குக் கேப்டன்,
காலையில் தணிக்கை நிறுவனத்தில் மேலாளர்.
இரண்டு பதவிக்கும் சேர்த்து
ஒரே ஜோடி முழங்கால்.

வால்பராய்சோவில் குன்றுகள் அதிகம்,
வண்டி போகும் தெருக்கள் குறைவு.
நின்ற இடத்திலிருந்து குழாயைத் தோளில் சுமந்து
நாய்களைத் தாண்டி, துணிக்கொடிகளுக்குக் குனிந்து
படி படியாக ஏற வேண்டும்.
ஏப்ரலில் அலுவலகமும் அப்படித்தான்.
வரிக்கணக்கு மாதம்.
ஒரு கோப்பு முடிந்தால்
தலைக்கு மேல் இன்னொரு படி.

மேசைக்கு அடியில் பூட்ஸ்.
மேசைமேல் மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஐந்தொகை.
"ஏதோ கருகுகிறதே?" என்றார் வாடிக்கையாளர்.
"நான்தான்" என்றேன்.
அவர் எழுந்து
ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கேப்டன் என்றால் தீ என்று நினைக்கிறார்கள்.
தீ கொஞ்சம்தான்.
பம்ப்பின் உதிரிபாகத்துக்கு மூன்று இடத்தில் விலை கேட்பது,
பரிசுச்சீட்டுக் கட்டை விற்காமல் வைத்திருப்பவனைத் துரத்துவது,
குடித்துவிட்டு வந்த ஓஸ்வால்தோவை
யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பி
மறுநாள் அவனுக்கு மட்டும் தெரியும்படி திட்டுவது.
இவ்வளவையும் செய்தது
ஒன்பதாம் மாடிக் கழிப்பறையில்,
கதவைத் தாழிட்டு,
பதினொரு நிமிடத்தில்.

அந்த வியாழக்கிழமை நான்கு மணிக்கு
என்னைப் பங்குதாரராக்கலாமா என்று பேச
ஐந்து பேர் உட்கார்ந்தார்கள்.
அணைப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை.
இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக
ரேடியோவை அணைத்தேன்.

நான்கு இருபதுக்கு
கண்ணாடிக்கு அப்பால், எதிர்க்குன்றில், புகை.
சரக்கிருப்பை எப்படி மதிப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள்.
சொன்னேன். எண்களும் சரியாகத்தான் இருந்தன.
கருப்பு, சாம்பல் ஆனது.
சாம்பல், வெள்ளை ஆனது.
வெள்ளை என்றால் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது.
பதினேழு நிமிடம்.
அந்தக் குன்றில் என் கணக்கு எப்போதும் இருபத்தைந்து.

இரவு நிலையத்துக்குப் போனேன்.
குழாய்கள் தொங்கி, சொட்டிக்கொண்டிருந்தன.
நயரெத் முகம் கழுவாமல் தேநீர் ஊற்றினாள்.
"பின்பக்கப் படியில் ஏறினோம், கேப்டன்.
யாருக்கும் காயமில்லை.
ஒரு கோழிக்கூடு மட்டும் போச்சு."
பின்பக்கப் படி.
நான் முன்பக்கம் ஏற்றியிருப்பேன்.

யாராவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.
ரொட்டியைத் தள்ளி வைத்தார்கள், வெண்ணெயோடு.
இத்தனை வருடம் தூங்காத இரவுகளையெல்லாம்
'நான் போகாவிட்டால்' என்ற
ஒற்றை வரியின் மேல் அடுக்கியிருந்தேன்.
அந்த வரியை அவர்கள்
எனக்குத் தெரியாமல்
எப்போதோ மடித்து வைத்துவிட்டார்கள்.
சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.
தேநீர் ஆறும்வரை முயன்றேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது:
இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

அன்றிரவு ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.
இரண்டு இடத்துக்கும் பொருந்தும்படி
யாருக்கு என்பதை மட்டும் காலியாக விட்டு.
நல்ல கடிதம். தணிக்கைக்காரி எழுதியது, பிழை இல்லை.
பூட்ஸுக்குள் செருகிவைத்தேன்.
புதன்கிழமை அழைப்பு வந்தது.
காலை விட்டபோது காகிதம் நசுங்கும் சத்தம் கேட்டது.
எடுக்க நேரமில்லை.

மே மாதச் சந்தாவைக் கட்டியாயிற்று.
ரசீதில் பெயருக்கு முன்னால்
வழக்கம்போலக் 'கேப்டன்' என்று எழுதினார்
பொருளாளர் எர்மோஹெனெஸ்.
மேசைமேல் ரப்பர் இருந்தது.
பேனாவால் எழுதிவிட்டாரே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.